கம்ப்யூட்டரிடம் டிக்கெட் கேட்ட கண்டக்டர்

இந்தப் பூமியில் கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்து, விசிலடித்து, "எங்க ஏறுன, டிக்கெட் எங்க?" என்று விசாரணை நடத்திய ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். வேறு எங்காவது இன்னொருவர் இருந்தால், அவருக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு என் அனுதாபங்கள். நான் ஒன்பது மாதம் அதை அனுபவித்தவள்.

கண்டக்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பேருந்து ஒன்றில் பதினெட்டு வருஷம் நின்றுகொண்டே வாழ்ந்தவர். முழங்கால் தேய்ந்து, "இனிமே நின்னீங்கன்னா நானே உங்கள உக்கார வெச்சுக் கட்டிப் போட்டுருவேன்" என்று டாக்டர் சொன்ன பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

எங்கள் அலுவலகம் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து கேம் தயாரிக்கிறோம். எங்களைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் கீழேயே மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடுவார்கள்.

நாங்கள் தயாரித்த விளையாட்டின் பெயர் 'ஏழு வாசல்'. போனில் ஆடுவது. நான்கு பேர் ஆட்டம். பகடையை உருட்டி, சுருள் சுருளாக உள்ளே போகும் பாதையில் ஏழு வாசல்களைத் தாண்டி, நடுவில் இருக்கும் சிம்மாசனத்தில் யார் முதலில் உட்காருகிறாரோ அவர் ஜெயித்தார். ஒவ்வொருவருக்கும் ஏழு உயிர். வழியில் எதிரில் அகப்படுகிறவர் மேல் மந்திரம் ஏவலாம். அடி வாங்கியவருக்கு ஓர் உயிர் போகும், மூன்று கட்டம் பின்னால் போக வேண்டும். கூட ஆட ஆள் கிடைக்காதவர்களுக்குக் கம்ப்யூட்டரே மூன்று எதிராளிகளாக வரும்: ஓர் அரக்கன், ஒரு சூனியக்காரி, ஓர் இளவரசன்.

அந்த மூன்று பேரையும் எழுதியது நான். எப்போது முன்னால் போக வேண்டும், எப்போது பதுங்க வேண்டும், யாரை அடிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புத்தி வைத்தது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து படித்த முதல் ஆளும் நான்தான். குடிகாட்டிலிருந்து தினமும் பேருந்து பிடித்துச் சிதம்பரத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தேன். அதனால் என் வேலையில் யாராவது தப்புச் சொன்னால் எனக்கு முதலில் காது சூடாகும். அப்புறம்தான் மற்றது.

கண்டக்டர் வந்த முதல் நாளே என் காது சூடானது.

கண்டக்டர், எங்கள் முதலாளி முரளி சாரின் மனைவிக்கு அண்ணன். "கேம் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தரு ஆடிப் பாத்து சொன்னாத்தான் நமக்கு உண்ம தெரியும்" என்று சொல்லி, மைத்துனரைச் சோதனை செய்யும் வேலையில் உட்கார வைத்தார். கண்டக்டர் கக்கத்தில் தோல் பையோடு வந்தார். பை காலி. ஆனால் அது இல்லாமல் அவருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. சட்டைப் பையில் விசில்.

ஆடத் தொடங்கிய பத்தாவது நிமிஷம் அரக்கன் அடுத்தடுத்து இரண்டு ஆறு போட்டான். மாடியே அதிர விசில் கேட்டது. கீழே மெத்தைக் கடையில் ஒருவர் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மெத்தையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

"என்னாண்ணா?" என்றேன்.

"அழுகுணி ஆட்டம் ஆடுறான்."

"யாரு?"

"உன் அரக்கன்தான். ஓரமா நிறுத்து அவன."

"அண்ணா, அவன நிறுத்த முடியாது. அது ப்ரோக்ராம்."

"எந்த ஸ்டாப்புல ஏறுனான்னு கேளு."

அவருக்கு உலகத்தில் எல்லாமே ஸ்டாப்தான். மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. இறங்கும் இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். என் பெயர் 'குடிகாடு'. படம் வரையும் ராஜேஷின் பெயர் 'குறிஞ்சிப்பாடி'. தங்கை கணவரான முதலாளியை மட்டும் மரியாதையாக 'மாப்ள' என்பார். விளையாட்டில் வரும் ஏழு வாசல்களுக்கும் முதல் வாரத்திலேயே பெயர் வைத்து முடித்துவிட்டார். முதல் வாசல் முதுநகர். இரண்டாவது குடிகாடு. அப்புறம் காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். ஏழாவது வாசல் வெள்ளாற்றுப் பாலம். நடுவில் இருக்கும் சிம்மாசனம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு. ராஜேஷ் இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து வரைந்த தங்கச் சிம்மாசனத்தைப் பார்த்து அவர், "டைம் கீப்பர் நாற்காலிய நல்லா வரஞ்சிருக்க குறிஞ்சிப்பாடி" என்று பாராட்டினார். ராஜேஷ் அன்று மதியம் சாப்பிடவில்லை.

சோதனை செய்கிறவர் கண்ட குறைகளைக் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தில் பதிய வேண்டும். கண்டக்டர் பதிய மாட்டார். பேருந்தில் ஒவ்வொரு நடைக்கும் கணக்கு எழுதுவது மாதிரி ஒரு நோட்டில் ட்ரிப் ஷீட் போட்டுத் தருவார். நான்தான் அதைத் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். ஒரு சாம்பிள் தருகிறேன். என் கஷ்டம் உங்களுக்குப் புரியட்டும்.

"ட்ரிப் 4. அரக்கன் முதுநகரில் ஏறி ஆலப்பாக்கம் வரை மூன்றே உருட்டில் வந்துவிட்டான். சந்தேகம். சூனியக்காரி புதுச்சத்திரத்தில் என்னை அடித்தாள். காரணம் கேட்டேன், பதில் இல்லை. இளவரசன் நல்ல பிள்ளை மாதிரி ஓரமாக நிற்கிறான். நம்பக் கூடாது."

இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது?

முதல் சண்டை பகடையில் வந்தது. கம்ப்யூட்டருக்கு ஆறு ஜாஸ்தி விழுகிறது, எனக்கு ஒன்றும் இரண்டுமாக விழுகிறது என்றார். நான் பதிவுகளை எடுத்துக் காட்டினேன். ஒவ்வோர் உருட்டும் வரிசையாக அதில் இருக்கிறது, எல்லோருக்கும் சமமாகத்தான் விழுந்திருக்கிறது.

"இத யாரு எழுதி வெச்சது?" என்றார்.

"கம்ப்யூட்டரே எழுதும்ணா."

"டிக்கெட் எடுக்காதவனையே செக்கிங் இன்ஸ்பெக்டரா போட்டா எப்டிம்மா?"

மறுநாள் சிதம்பரத்தில் ஒரு கடையில் நிஜப் பகடை ஒன்று வாங்கி வந்தார். அலுவலகத்தில் எவர்சில்வர் தட்டை வைத்து அதில் உருட்டி எழுத ஆரம்பித்தார். முந்நூறு உருட்டு. டங், டங், டங் என்று காலை முழுவதும் சத்தம். மாடியில் என்ன கோயில் கட்டுகிறார்களா என்று மெத்தைக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். மதியத்துக்கு மேல் அந்த நிஜப் பகடையில் தொடர்ந்து நான்கு ஆறு விழுந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். கண்டக்டர் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோல் பைக்குள் போட்டு மூடினார்.

"இவனும் அவனுங்க ஆளுதான்" என்றார்.

இரண்டாவது சண்டை இன்னும் அநியாயம். என் எதிராளிகள் யோசிக்காமல் ஆடுகிறார்களாம். மனிதன் உருட்டி, பார்த்து, தலையைச் சொறிந்து ஆடுகிறான். இவன்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆடிவிடுகிறான்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்தவன்தான் அப்படி ஆடுவான். கம்ப்யூட்டர் யோசிக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அது மரியாதை இல்லை என்றார். சகிக்க முடியாமல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு நொடி சும்மா நிற்கும்படி எழுதினேன். அந்த இரண்டு நொடியில் அவர்கள் ஒன்றுமே செய்வதில்லை. வெறுமனே நிற்பார்கள்.

கண்டக்டர் ஆடிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இப்ப பாரு, மனுசனா மாறிட்டான். யோசிக்கிறான்."

மூன்று வருஷம் படித்தது இதற்குத்தானா என்று இருந்தது.

மூன்றாவது சண்டைதான் என்னைக் குத்தியது. ஆடுகிறவர் ரொம்பப் பின்தங்கிவிட்டால் ஆட்டத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் அப்படிப்பட்ட நேரத்தில் சூனியக்காரி வேண்டுமென்றே குறி தப்புவாள். வெளியே தெரியாதபடி நுணுக்கமாகச் செய்திருந்தேன். முதலாளியே அதைப் பார்த்து, "தமிழ்ச்செல்வி, இது பெரிய கம்பெனிக்காரனுக்குக்கூட தோணாது" என்றார். வீட்டில் போய் அம்மாவிடம் சொன்ன விஷயம் அது.

கண்டக்டர் இரண்டே நாளில் கண்டுபிடித்தார். ட்ரிப் ஷீட்டில் ஒரே வரி: "சூனியக்காரி எனக்குப் பாவம் பார்க்கிறாள். இது அடிப்பதைவிடக் கேவலம்."

"ஜெயிக்கிறதுக்கு உதவி செஞ்சா அது தப்பாண்ணா?"

"எனக்கு விட்டுக் குடுத்தா அதுவும் அழுகுணி ஆட்டந்தான். அடிச்சா அடி, இல்லன்னா வுடு. கண்ணடிச்சிக்கினு ஆடக் கூடாது."

அவரோடு நான் மூன்று நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை விஷயம் பெரிதானது. சென்னையில் எங்கள் விளையாட்டை வாங்கி வெளியிடப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் முழுசாக அனுப்பச் சொல்லிவிட்டார்கள். கூடவே, சோதித்தவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையும் வேண்டும். கண்டக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"மூணு பேரும் கூட்டு" என்றார் முதலாளி அறையில்.

"எந்த மூணு பேரு மச்சான்?"

"அரக்கன், சூனியக்காரி, இளவரசன். மூணு பேரும் ஒரே ஸ்டாப்புல ஏறுனவனுங்க மாப்ள. தெரியாத மாதிரி தனித்தனியா நிக்கிறானுங்க. எனக்கு இது தெரியாதா? சேந்துக்கினு ஆடுற மனுசன அடிக்கிறானுங்க."

நான் எழுந்து நின்றேன். "சார், இது நடக்கவே முடியாது. ஒருத்தன் என்ன நெனைக்கிறான்னு இன்னொருத்தனுக்குத் தெரியாது. அப்பிடித்தான் எழுதியிருக்கேன். மூணு பேருக்கும் நடுவுல ஒரு வரிகூட கெடையாது."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கை கணவர் என்கிற பதவியும் முதலாளி என்கிற பதவியும் அவருக்குள் முட்டிக்கொள்வது வெளியே தெரிந்தது. கடைசியில், "வியாழக்கிழமை வரைக்கும் பாக்கலாம். சரியாவலன்னா எதிராளிங்கள வெளில ரெடிமேடா வாங்கிப் போட்டுக்கலாம். வேற வழியில்லம்மா" என்றார்.

வெளியில் வாங்கிப் போட்டால் என் அரக்கன் இல்லை. சூனியக்காரி இல்லை. விளையாட்டின் கடைசித் திரையில் வரும் பெயர் வரிசையில் 'எதிராளிகள்: தமிழ்ச்செல்வி' என்கிற வரியும் இல்லை. அந்த வரியைத் தமிழில்தான் போட வேண்டும் என்று நான் ஏற்கெனவே சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் ஹால் டிக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்து என் பெயரின் வடிவம் தெரியும். தலைக்கு மேல் மூன்று புள்ளி, கடைசியில் ஒரு கொக்கி. "வெளில வந்ததும் அந்த எடத்த மட்டும் எனக்குக் காட்டு" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு காலி தோல் பைக்காரரின் சந்தேகத்தில் போய்விடும் போலிருந்தது.

வியாழக்கிழமை காலையில் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். தெற்கு வீதியில் என் தோழி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். அங்கே படிக்க வருகிற பிள்ளைகளை ஆட வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவர்கள் ஆடி, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கண்டக்டர் வாயை மூட வேண்டும். அவரும் சம்மதித்தார்.

அவருடைய பழைய பேருந்திலேயே ஏற வேண்டும் என்று அடம்பிடித்தார். ஏறினால் சும்மா உட்கார வேண்டாமா? முழங்காலைப் பிடித்துக்கொண்டே "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குது" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். புதிதாக வந்திருந்த இளம் கண்டக்டர் பரிதாபமாக எங்களைப் பார்த்தார். முதுநகரில் மூன்று இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவன் முன்வாசலில், இருவர் பின்வாசலில். தனித்தனியாக நின்றார்கள்.

"அந்த மூணு பேரும் ஒண்ணு" என்றார் என் காதில்.

"உங்களுக்கு எல்லாருமே ஒண்ணுதான்."

"பாரு. பிரேக் போட்டா தெரியாத ஆளு மேல இடிச்சா என்னா பண்ணுவான்? 'பாத்து நில்லுய்யா'ன்னு ஒரு மொறப்பு மொறப்பான். இவனுங்க ரெண்டு பேரு ரெண்டு தடவ இடிச்சிக்கினானுங்க. திரும்பிக்கூட பாக்கல. பழகுன ஒடம்பு, கோவம் வராது." பிறகு குரலை உயர்த்தினார். "தம்பி, மூணு பேருக்கும் சேத்து யாரு டிக்கெட் எடுக்குறது?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மற்றவர்களைக் கை காட்டினார்கள்.

பேருந்தே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "உன் அரக்கனும் சூனியக்காரியும் ஒரே கட்டத்துல நிக்கிறாங்க. மொத ரெண்டு ஸ்டாப்புல ஒருத்தர் மேல ஒருத்தர் கை வெச்சி நீ பாத்திருக்கியா? என்னத்தான் தேடி வந்து அடிக்கிறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடம் சொல்வேனா?

கம்ப்யூட்டர் சென்டரில் பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் முதலில் ஆடினாள். இரண்டாம் வாசலைத் தாண்டுவதற்குள் மூன்று உயிர் போனது. "அக்கா, எல்லாரும் என்னையே அடிக்கிறாங்க" என்றாள். அடுத்து ஆடிய பையனும் அதையே சொன்னான். கண்டக்டர் விசிலை எடுத்தார். நான் முறைத்ததும் பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்டாளிங்கள கலச்சி உட்டாத்தான் உண்ம வரும்" என்றார். "பஸ்ஸுல அப்பிடித்தான் செய்வேன். மொத சீட்டுல இருக்கிறவன எழுப்பிப் பின்னாடி அனுப்பு. இளவரசன முன்னாடி உக்கார வை."

விளையாட்டில் நான்கு இருக்கைகள் உண்டு. அவற்றில் ஆடுகிறவருக்கு எப்போதும் முதல் இருக்கை. நான்தான் அப்படி வைத்திருந்தேன். காரணம் எல்லாம் பெரிதாக இல்லை. விருந்துக்கு வந்தவருக்கு முதல் பந்தியில் முதல் இலை போடுகிற வீட்டில் வளர்ந்தவள். நம் விளையாட்டைத் தேடி வந்து ஆடுகிறவரை வரிசையில் மூன்றாவதாக உட்கார வைக்க எனக்குக் கை வரவில்லை. அதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் வாயை மூடுவதற்காகவே மாற்றிக் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் அரக்கன் இளவரசனை அடித்தான். அடுத்து சூனியக்காரி இளவரசனை அடித்தாள். பரங்கிப்பேட்டைப் பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஜாலியாக ஆலப்பாக்கம் வரைக்கும் போய்விட்டாள்.

கண்டக்டர் வாயைப் பிளந்தார். "என்னாது, கூட்டாளியவே அடிக்கிறானுங்க?"

நான் எழுதியதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். கூட்டு இல்லை. சதி இல்லை. நான் எழுதிய ஒரே வரி. யாரை அடிப்பது என்று பார்க்கும்போது, எல்லோரும் ஒரே நிலையில் இருந்தால் வரிசையில் முதலில் இருப்பவரை எடு என்று எழுதியிருந்தேன். ஆட்டம் தொடங்கும்போது எல்லோருக்கும் ஏழு உயிர், எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில். எல்லோரும் ஒரே நிலைதான். ஆகவே மூன்று பேரும், ஒருவரையொருவர் கேட்காமலே, முதல் இருக்கையில் இருப்பவரைப் பார்த்துக் கையை ஓங்கினார்கள். நான் மரியாதையாக முதல் இலை போட்டு உட்கார வைத்த ஆள்தான் அங்கே இருந்தார்.

இன்னொன்றும் புரிந்தது. அது இன்னும் மோசம். ஆடுகிறவர்கள் ஏன் இவ்வளவு பின்தங்குகிறார்கள் என்று வருத்தப்பட்டுத்தான் சூனியக்காரியைப் பாவம் பார்க்க வைத்தேன். முதலில் மூன்று பேரை விட்டு அடித்ததும் நான். அப்புறம் ஒருத்தியை விட்டுக் கண்ணீரைத் துடைத்ததும் நான். இதைத்தான் பெரிய கம்பெனிக்காரனுக்குக்கூடத் தோன்றாது என்றார் முதலாளி. தோன்றாதுதான்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். சமமாக இருந்தால் குலுக்கிப் போட்டு எடு. ஒரு வரிதான். அந்தப் பெண் மறுபடி தன் முதல் இருக்கையில் உட்கார்ந்து ஆடினாள். அரக்கன் சூனியக்காரியை அடித்தான். சூனியக்காரி இளவரசனை அடித்தாள். அந்தப் பெண்ணுக்கும் நியாயமாக இரண்டு அடி விழுந்தது. கடைசியில் அரக்கன் ஜெயித்தான். அவள் இரண்டாவதாக வந்தாள். போனை யாருக்கும் தராமல், "இன்னொரு ஆட்டம்" என்றாள்.

"கூட்டு எதுவும் இல்லண்ணா" என்றேன். அதை மட்டும் நான் விடுவதாக இல்லை. "நீங்க சொன்னது தப்பு."

"கூட்டு இல்லன்னா என்னா, அடி அடிதானம்மா? வாங்குனது நானு."

அவர் சொன்னது தப்பா சரியா என்று இன்று வரை எங்களுக்குள் முடிவாகவில்லை.

திரும்பி வரும்போது சும்மா வந்தாரா என்றால் இல்லை. "அந்தச் சூனியக்காரி பாவம் பாக்குறதையும் எடுத்துடு. அப்பத்தான் கையெழுத்து" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "நீங்க மட்டும் யோக்கியமா? நான் காலேஜு போறப்ப குடிகாட்டுல வண்டிய எனக்காக நிறுத்தி வெக்கலியா?"

இது நடந்த விஷயம். நான் காலேஜுக்குப் போய் வந்தது அவர் வண்டியில்தான். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் இரவுக் காவல் வேலை. அவர் சைக்கிளில் வந்து சேர்ந்த பிறகுதான் அதே சைக்கிளில் என்னை நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விடுவார். பேருந்து வருகிற நேரமும் நாங்கள் வருகிற நேரமும் ஒருநாளும் ஒத்துப் போகாது. ஆனாலும் மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட நான் பேருந்தைத் தவறவிடவில்லை. தெருமுனை திரும்பும்போதே தெரியும், வண்டி நின்றுகொண்டிருக்கும். பயணிகள் கத்துவார்கள். கண்டக்டர் படியில் நின்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். நான் ஏறியதும் என்னைப் பார்க்காமலே விசிலடிப்பார்.

"யாரு சொன்னா?" என்றார். "அந்த ஸ்டாப்புலதான் ட்ரிப் ஷீட் எழுதணும். எழுதறதுக்கு ரெண்டு நிமிசம் ஆவும். உனக்காக ஒண்ணும் நிக்கல."

"பேனா மூடியக் கழட்டாமலே எழுதுவீங்களாண்ணா?"

ஆலப்பாக்கம் போய், காரைக்காடு போனது. குடிகாட்டில் நான் இறங்க எழுந்தபோது சொன்னார்.

"ஒருத்தர ஏத்திக்க நிக்கிறது வேற. ஏறுனவன ஜெயிக்க வெக்கிறது வேற. பாத்து எறங்கு."

வெள்ளிக்கிழமை காலையில் சூனியக்காரியின் பாவத்தை எடுத்துவிட்டேன். கண்டக்டர் வரிசையாகப் பதினோரு ஆட்டம் ஆடினார். ஒன்பதில் தோற்றார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் வெள்ளாற்றுப் பாலத்தில் இளவரசன் அவரைக் கவிழ்த்தான். எழுந்து வந்து, "தோத்துட்டேன், சரியாத்தான் தோத்தேன்" என்று கையெழுத்துப் போட்டார். படிவத்தில் இல்லை, ட்ரிப் ஷீட்டில். அதை அப்படியே படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். பேனா மூடியைக் கழற்றித்தான் போட்டார். நான் பார்த்தேன்.

அன்று மதியம் கடைசித் திரையைப் பார்த்தவர் மறுபடி விசிலை எடுத்துவிட்டார். வயதில் மூத்தவர் என்று அவர் பெயரை முதலில் போட்டிருந்தோம்.

"மொதல்ல போடாத. அடி விழும்."

கடைசியில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி அவருடைய தோல் பைக்குள் போட்டுக் குலுக்கினோம். பகடையைப் பிடித்து வைத்ததைத் தவிர, அந்தப் பை வேலைக்கு வந்த பிறகு பார்த்த ஒரே வேலை அதுதான். என் பெயர் நாலாவதாக வந்தது. அம்மா போனைத் தூரத்தில் பிடித்து, மூன்று புள்ளியையும் கொக்கியையும் தேடி, விரலை வைத்தார். வைத்த விரல் பட்டுத் திரை மறுபடி முதலுக்குப் போய்விட்டது. "திரும்பக் காட்டு" என்றார். ஏழு முறை காட்டினேன்.

கண்டக்டர் இப்போது எங்களோடு இல்லை. பழைய பேருந்து முதலாளியே கூப்பிட்டு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை கொடுத்துவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. ராஜேஷ் வரைந்த சிம்மாசனத்துக்கு நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டோம். இன்னமும் விடுவதில்லை. மதிய இடைவேளையில் ஆடிவிட்டு ட்ரிப் ஷீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். "ட்ரிப் 212. அரக்கன் போக்கு சரியில்லை." அதை ஏற்றப் படிவம்கூட இப்போது கிடையாது. தலையில் அடித்துக்கொண்டே எடுத்து வைக்கிறேன்.

அவருக்காக நான் எழுதிய அந்த இரண்டு நொடிச் சும்மா நிற்பதை, ஆட்டம் மெதுவாகப் போகிறது என்று முதலாளி எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன், ஓர் இடம் தவிர. ஆடுகிறவர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள்: அரக்கன் எல்லா இடத்திலும் வேகமாகப் போகிறான், இரண்டாம் வாசலுக்கு வந்தால் மட்டும் காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம் நிற்கிறானே, இது பிழையா என்று.

பிழை இல்லை. அது குடிகாடு. அந்த ஸ்டாப்பில் ஒரு பெண் ஏற வேண்டியிருக்கிறது.